பதினாலாவது நிபந்தனை

என் கடைக்கும் லாண்டரிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் பெரிய மிஷின் துணியைச் சுழற்றிப் பிழிய ஆரம்பித்தால் இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ் மிஷின் நடுங்கும். நடுங்கினால் நகல் கோணலாக விழும். வந்தவர்கள் என் தலையை உருட்டுவார்கள். நான் சுவரில் ஸ்டேப்ளரால் தட்டி, "அண்ணே, ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க, ஒருத்தருக்குச் சர்டிபிகேட் நகல் எடுக்கணும்" என்று கத்துவேன். "ஆஸ்பத்திரியில ஆளுங்க வெறும் மெத்தையில படுத்திருக்காங்க, உன் சர்டிபிகேட் எங்கேயும் ஓடிடாது" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். பதினோரு வருஷம் இந்தச் சண்டை ஓடியது.

அவரை எல்லோரும் நீராவி என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போதும் ஆவிக்குள்ளிருந்து வெளியே வருவார் என்பதால் ஒன்று, பொசுக்கென்று கோபம் வரும் என்பதால் இன்னொன்று. "வெளியிலதான் நீராவி, வீட்டுல வெந்நீர்கூடக் கிடையாது" என்பாள் அவர் மனைவி, எனக்கு அண்ணி. என்னைத் தெருவே ஜெராக்ஸ் என்று கூப்பிடும். எதையும் ஒரு தடவை கேட்டால் நாலு பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்துவிடுவேனாம். பொல்லாத ஜனங்கள்.

லாண்டரி கீழே, அவர்கள் வீடு மேலே. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாடகை. அண்ணன், அண்ணி, மகள், கூலிக்கு வரும் நான்கு பெண்கள், ஆக ஏழு பேர் வயிறும் அரசு ஆஸ்பத்திரித் துணியில்தான் ஓடியது. தெருவிலிருந்து சட்டை, பேன்ட் என்று வருவதெல்லாம் டீச் செலவுக்குத்தான் காணும். ஆஸ்பத்திரி வேலை போனால் லாண்டரி போச்சு, மேலே இருக்கிற வீடும் போச்சு. இதை அவர்கள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

காலையில் ஆறு மணிக்கு ட்ராலி வரும். விரிப்பு, போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கும். அண்ணியும் பெண்களும் முழங்கை வரைக்கும் கையுறை போட்டுக்கொண்டு பிரிப்பார்கள். ரத்தம் தனி, மருந்துக் கறை தனி, மற்றதெல்லாம் தனி. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான் முதலில். சுடுதண்ணீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொண்டு சாகும்வரை போகாது. அந்த வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. நான் வாசலிலேயே நின்று டீயை நீட்டிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். பெண்கள் சிரிப்பார்கள்.

பிரிக்கும்போதே கிழிசல் துணி ஒரு கூடையில் விழும். அது அண்ணனுடைய கூடை. யாரும் அவரைத் தைக்கச் சொல்லவில்லை, ஒப்பந்தத்திலும் தையல் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வார்டு ஆயா மூட்டையை இறக்கிவிட்டுப் போகிற போக்கில் சொன்னாள், விரிப்புக் கிழிசலில் கால் விரல் மாட்டி ஒரு நோயாளி கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார் என்று. யாரும் லாண்டரியைக் குறை சொல்லவில்லை. அண்ணன்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் பிஸ்கட் டப்பா ஒன்றில் ஊசியும் வெள்ளை நூலும் வந்துவிட்டது. "கிழிசலோட ஒரு துணிகூட இந்த வாசப்படியைத் தாண்டக்கூடாது" என்று சட்டம் போட்டார். போட்ட சட்டத்துக்குத் தானே வேலையாளும் ஆனார்.

அவருக்கு இடதுகைப் பழக்கம். மற்றவர்கள் தைத்தால் தையல் ஒரு பக்கம் சாயும், இவர் தைத்தால் அதற்கு எதிர்ப்பக்கம் சாயும். முடிக்கும்போது மூன்று தையல் பின்னால் போய் நூலை உள்ளே ஒளித்துவிடுவார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடினால்தான் தெரியும்.

அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. சுவரெல்லாம் பூசணம் பூத்துப்போய், என் கடையில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். அந்த ஈரத்தில்தான் ஒரு நாள் அண்ணன் ஒரு கட்டுக் காகிதத்தோடு என் கடைக்கு வந்தார். அதுவரை வருஷா வருஷம் ஒரு கடிதத்தில் வேலையை நீட்டித்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை டெண்டராம். யார் வேண்டுமானாலும் போடலாமாம். விலைக்கு இத்தனை மார்க், மிஷினுக்கு இத்தனை மார்க், அனுபவத்துக்கு இத்தனை, மாதிரித் துணிக்கு இருபது. நாற்பத்தெட்டுப் பக்கம். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், இந்த ஆபீஸ் மொழி வராது.

"தங்கச்சி, இதைப் படிச்சு எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார்.

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அது. கடை வாசலில் இருபது பிள்ளைகள் குடையோடு நிற்கிறார்கள். நான் ஒரு கையால் நகல் எடுத்துக்கொண்டே ஒவ்வொரு நிபந்தனையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. "அக்கா, என்னோடது பேஜ் மாறிப்போச்சு" என்று ஒரு பெண் அழுகிற நிலையில் நிற்கிறாள்.

"பதினாலு என்ன?" என்றார் அண்ணன்.

"மாதிரித் துணின்னு ஒண்ணு குடுப்பாங்களாம். துவைச்சுக் குடுத்தா போதும்" என்றேன்.

பதினைந்துக்குப் போய்விட்டேன்.

மாதிரித் துணி வந்தது. ஆஸ்பத்திரி ஸ்டோரிலிருந்து எடுத்த பழைய விரிப்பு. ரத்தம், மருந்து, எண்ணெய் என்று மூன்று கறை, மூலையில் ஊசி குத்தி ஒரு நம்பர் அட்டை. எங்களுக்கு இரண்டாம் நம்பர். அண்ணன் அதை மிஷினிலேயே போடவில்லை. இரண்டு நாள் தனி வாளியில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி, கையால் அலசினார். ஓரத்தில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து அதைத் தைத்தார். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன், அவரிடம் கரண்ட் கட்டைத் திட்டிக்கொண்டு. அவருக்கு அது தைக்கிறோம் என்கிற நினைப்பே இல்லை. மூச்சு விடுவதை யார் யோசித்துக்கொண்டு விடுகிறார்கள்?

முடிவு வந்தது. மூன்று பேர் டெண்டர் போட்டிருந்தார்கள். ஒருவருக்கு ஏதோ காகிதம் குறைகிறதென்று முதலிலேயே தள்ளிவிட்டார்கள். மிச்சம் எங்கள் லாண்டரியும், வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரிய கம்பெனியும். விலை எங்களுடையதுதான் குறைவு. ஆனாலும் மொத்தத்தில் ஒன்பது மார்க் வித்தியாசத்தில் கம்பெனிக்குப் போய்விட்டது. மாதிரித் துணிக்குக் கம்பெனிக்கு இருபதுக்கு இருபது. எங்களுக்கு ஆறு.

அண்ணன் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலை போனதைப் பற்றி அவர் முதலில் பேசவே இல்லை.

"ஆறா?" என்றார். "என் துணிக்கு ஆறா?"

"தப்பா போட்டிருப்பாங்கண்ணே."

"ரத்தக் கறை போகலைன்னு எழுதியிருக்கான் தங்கச்சி. பதினோரு வருஷத்துல ஒரு ஆயா என்னைப் பார்த்து அந்த வார்த்தை சொன்னதில்லை."

பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அந்த நாற்பத்தெட்டுப் பக்கத்திலேயே இருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து டைப் அடித்தேன். மதிப்பெண் போட்டது தவறு, காகிதங்களையும் மாதிரித் துணிகளையும் நாங்கள் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். பார்க்கலாம், ஒரு மணி நேரம், என்று பதில் வந்தது. அண்ணனும் நானும் போனோம்.

ஆபீஸ் பின்பக்கம் ஒரு பைல் அறை. கூரை ஒழுகி நடுவில் ஒரு வாளி வைத்திருந்தார்கள், சொட்டுச் சொட்டென்று விழுந்துகொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர் இரண்டு பிளாஸ்டிக் பையை மேஜையில் போட்டார். மார்க் போடுகிறவர்களுக்கு எது யாருடையது என்று தெரியக்கூடாது என்பதற்காக நம்பர் அட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு பையில் அ, இன்னொரு பையில் ஆ என்று எழுதியிருந்தார்களாம். மார்க் போட்ட பிறகு அட்டையைத் திரும்பக் குத்தினார்களாம். கிளார்க் பெருமையாகத்தான் சொன்னார்.

இரண்டாம் நம்பர் பையை அண்ணன் பிரித்தார். விரிப்பு பழுப்பேறி இருந்தது. ரத்தம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு காவி நிழல். எனக்கே தெரிந்தது, யாரோ எடுத்தவுடன் சுடுதண்ணீரில் போட்டிருக்கிறார்கள்.

"இது நான் துவைச்சது இல்லைங்க" என்றார் அண்ணன்.

"தோத்தவங்க எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க" என்றார் கிளார்க், தலையைத் தூக்காமல்.

அண்ணன் கம்பெனிக்காரன் பையைப் பிரித்தார். வெள்ளை வெளேரென்று ஒரு விரிப்பு. அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. நின்றது நின்றதுதான். நான் கிட்டே போய்ப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவர் ஜன்னல் வெளிச்சத்தில் துணியைச் சாய்த்துப் பிடித்தார். நாலு விரல் நீளத்துக்குப் பொடிப்பொடியாகத் தையல், எதிர்ப்பக்கம் சாய்ந்து, கடைசியில் மூன்று பின்னால். என் வாயிலிருந்து "அடப்பாவிங்களா" என்று வந்துவிட்டது. அண்ணன் கண்ணாலேயே என்னை அடக்கினார்.

"என்ன, பார்த்தாச்சா?" என்றார் கிளார்க்.

"பார்த்தாச்சுங்க" என்றார் அண்ணன். துணியை மடித்தார். அவர் மடிப்பதைப் பார்க்க வேண்டும், மூலையோடு மூலை ஒரு நூல் பிசகாது.

அட்டையைத் திரும்பக் குத்தும்போது இரண்டும் மாறிவிட்டது. தெரியாமல் மாறியதா, தெரிந்து மாற்றினார்களா, அது எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறேன்?

மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அண்ணி அழுதாள், சிரித்தாள், அடுப்பில் முட்டையை அவியப் போட்டுவிட்டு மறுபடி அழுதாள். "கடவுளுக்குக் கண்ணு இருக்குடி ஜெராக்ஸ்" என்றாள். மகள் எனக்கு ரொட்டியை எடுத்து வைத்தாள். இருபத்திரண்டு வயசு ஆனாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான். ஆனால் கணக்கும் சாமர்த்தியமும் அந்த வீட்டில் அவளிடம்தான் இருந்தது.

"மாதிரித் துணி பத்தி விதி என்ன சொல்லுதுன்னு அப்படியே எடுத்துப் போடணும் அத்தை" என்றாள்.

"இதோ" என்று நான் பையிலிருந்து அந்தக் கட்டை எடுத்தேன். பதினாலாவது நிபந்தனையைத் திருப்பினேன். நான்கு வரி. முதல் வரி நான் அன்றைக்குச் சொன்னதுதான். மிச்சம் மூன்று வரி பொடி எழுத்தில் இருந்தது. மாதிரித் துணியைச் சலவை செய்வது தவிர, தைத்தல், ஒட்டுப்போடுதல், சாயமேற்றுதல் உள்ளிட்ட எந்த மாற்றமும் செய்யலாகாது. மீறுவோர் தகுதி இழப்பர்.

ஒரு நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பக்கத்தைக் கிழித்து விழுங்கிவிடலாமா என்று இருந்தது. பிறகு படித்தேன். வாய்விட்டு, மெதுவாக, அன்றைக்குப் படித்திருக்க வேண்டிய மாதிரி.

அண்ணி அடுப்பை அணைத்தாள்.

"இதை அன்னைக்கு நீ சொல்லலையே" என்றாள் அண்ணி.

"கூட்டமா இருந்துச்சு அண்ணி. நான்... இது இவ்வளவு பெரிய விஷயமா இருக்கும்னு..."

"மூணு வரிடி. மூணு வரி படிக்க உன் வாய் வலிச்சுதா? தெருவுல போற நாய் கதையெல்லாம் மூச்சு விடாம சொல்லுவியே."

நான் அந்தக் கட்டை மூடினேன்.

"விடு" என்றார் அண்ணன். "அவ படிச்சிருந்தாலும் என் கை சும்மா இருந்திருக்காது."

"நீங்க பேசாதீங்க. உங்களை யாரு தைக்கச் சொன்னா? ஆஸ்பத்திரியில கேட்டாங்களா? நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னாங்களா? ஊரான் துணிக்கு ராப்பகலா உட்கார்ந்து தைச்சுத் தைச்சு, இப்ப நம்ம கழுத்துலயே வந்து நிக்குது."

பாப்பாதான் கையைத் தட்டி எல்லோரையும் நிறுத்தினாள். "இருங்க இருங்க. அம்மா, அத்தை, நல்லாக் கேளுங்க. பேப்பர்ல அந்தத் துணி இப்ப யாரோடது?"

"கம்பெனியோடது" என்றேன்.

"அதுல தையல் இருக்கு. தைச்சா தகுதி போச்சுன்னு விதி. அப்ப யாரு தகுதி போகணும்?"

எனக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. புரிந்ததும் உடம்பெல்லாம் சூடு ஏறியது.

"துணி மாறினதை நாம சொல்லவே வேண்டாம்" என்றாள் பாப்பா. "அவங்க துணியில தையல் இருக்கு, விதியை மீறிட்டாங்கன்னு மட்டும் சொல்லுவோம். அவங்க போயிட்டா மிச்சம் நாம ஒருத்தர்தான். ஆறு மார்க் போட்டாலும் நமக்குத்தான் கிடைக்கும்."

"அது எப்படிம்மா" என்றார் அண்ணன்.

"எப்படின்னா? அவங்க மாத்தினதுக்கு நாம ஏமாறணுமா? நாம பொய் சொல்லலைப்பா. தையல் இருக்கு, அவ்வளவுதான். யாரு தைச்சதுன்னு நாம ஏன் சொல்லணும்?"

அண்ணி அவர் முன்னால் தட்டை வைத்தாள். "பொண்ணு சொல்றதைக் கேளுங்க. இந்த ஒரு தடவை வாயைக் கட்டுங்க. உங்க காலுல விழறேன்."

அவர் முட்டையை உரித்தார். ஓடு ஒட்டிக்கொண்டு வெள்ளைக்கருவோடு பிய்ந்து வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அப்படியே செய்யலாம்" என்றார். அன்றைக்கே நான் புது மனு டைப் அடித்தேன். ஒரு எழுத்து விடாமல் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டாள்.

விசாரணை அன்றைக்கும் மழைதான். நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த தலைவர் ஒரு அம்மா, நரைத்த தலை, தொண்டை கட்டியிருந்தது, அடிக்கடி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மாதிரிதான். பொய் சொல்லக்கூடாது, அவரை எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் பக்கம் கம்பெனிக்காரர், கோட்டு போட்டவர். அந்த ஈரத்திலும் அவர் ஷூவில் ஒரு துளி சேறு இல்லை. அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டு, விரல் நுனி ஊறி வெளுத்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் பாப்பா, அவளுக்குப் பக்கத்தில் நான்.

தலைவரம்மா துணியை விரிக்கச் சொன்னார். பாப்பா எழுந்து போய் இடத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"தையல் இருக்கு" என்றார். கோட்டுக்காரரைப் பார்த்து, "உங்க துணியில எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"எங்க கம்பெனியில ஊசி நூலே கிடையாதுங்க மேடம். கிழிஞ்சா கழிச்சுடச் சொல்லி எழுதி அனுப்பிடுவோம். குடுக்கும்போதே தைச்சிருந்திருக்கும்."

ஸ்டோர் அதிகாரியைக் கூப்பிட்டார்கள். அவர் ரிஜிஸ்டரைப் புரட்டி, "ரெண்டு விரிப்பும் கிழிசலோடதான் குடுத்தோம் மேடம். தையல் இல்லை. கையெழுத்தும் வாங்கியிருக்கோம்" என்றார்.

கோட்டுக்காரரின் முகம் மாறியது. பாப்பா மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து நெரித்தாள். அவ்வளவுதான், முடிந்தது, லாண்டரி பிழைத்தது என்று நான் மனசுக்குள் கூத்தாடிக்கொண்டிருந்தேன். தலைவரம்மா பேனாவைத் திறந்து ஏதோ எழுத ஆரம்பித்தார். எழுதும்போதே அவருடைய இடதுகை மறுபடி துணிக்குப் போனது.

"அப்போ வேணும்னே யாரோ எங்க துணியைக் கெடுத்திருக்காங்க மேடம்" என்றார் கோட்டுக்காரர். "பாருங்க, எவ்வளவு மோசமாத் தைச்சிருக்கு."

"மோசம்னு சொல்லாதீங்க" என்றார் அந்த அம்மா. "மார்க் போட்ட மூணு பேர் கண்ணுலயும் படலை. இவ்வளவு சுத்தமான கைத்தையலை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு." பிறகு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். விசாரிக்கிற பார்வை இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்கிற பார்வை. "நீங்க பதினோரு வருஷமா ஆஸ்பத்திரித் துணியோட இருக்கறவர். இது யார் கைன்னு உங்களுக்குத் தெரியுதா?"

தெரியாதுங்க. ஒரே வார்த்தை. நான் மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் வாய்க்குள் போய்ச் சேரும் என்கிற மாதிரி.

அண்ணன் துணியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"என்னோடதுங்க" என்றார்.

பாப்பா என் கையை விட்டுவிட்டாள்.

தலைவரம்மா பேனாவை மூடினார். "யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொல்றதை நாங்க பதிவு பண்ணணும்."

"யோசிக்க என்னங்க இருக்கு? நான் இடதுகை. தையல் எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க. துணி மாறிப்போச்சுங்க. அந்த இருபது மார்க் நான் துவைச்சதுக்குப் போட்டது. அந்த ஆறு என்னோடது இல்லை." மடியிலிருந்த கையைத் தூக்கி மேஜையில் வைத்தார். "அந்த ஆறு என்னோடது இல்லைங்க."

"நான் நம்பறேன்" என்றார் அந்த அம்மா. நம்பத்தான் செய்தார், முகத்தில் தெரிந்தது. "ஆனா தைச்சது நீங்கன்னா பதினாலாவது நிபந்தனைப்படி தகுதி போறது உங்களுக்கு. மாறினதோ மாறலையோ, அது அப்புறம். தகுதி இல்லாதவங்க மார்க்கைப் பத்தி எங்களால பேச முடியாது."

"கிழிஞ்சிருந்துச்சுங்க" என்றார் அண்ணன்.

கோட்டுக்காரர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். ஒரு குடைக்குள் மூன்று பேர். பாப்பா நனைந்தாலும் பரவாயில்லை என்று தள்ளிப்போய் நின்றாள்.

"ஒரு வார்த்தைப்பா" என்றாள், மழையைப் பார்த்துக்கொண்டு. "தெரியாதுன்னு ஒரே ஒரு வார்த்தை. எங்களுக்காக அது வரலையா உங்க வாயில?"

"அந்தம்மா நல்லா இருக்குன்னு சொன்னாங்கம்மா" என்றார் அவர். "ஆறு வருஷமா யாரும் சொன்னதில்லை. என் கையை நானே யாரோடதோன்னு சொல்லச் சொல்றியா?"

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க" என்றாள் பாப்பா.

அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. மனுஷனுக்கு ஒரு பாராட்டில் புத்தி கழன்றுவிடுமா என்று வாய் வரைக்கும் வந்தது. மூன்று வரி ஞாபகம் வந்து அதை விழுங்கிக்கொண்டேன்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. அண்ணி அதை என் மேஜையில் போட்டு, "படி. ஒண்ணு விடாம படி" என்றாள். படித்தேன். மேல்முறையீடு தள்ளுபடி. மனுதாரர் நிபந்தனை மீறியதை ஒப்புக்கொண்டதால் தகுதி இழக்கிறார். மூன்று வருஷத்துக்கு எந்த அரசு டெண்டரும் போடக்கூடாது. அட்டை மாறியது குறித்துத் தனியே துறைக்குக் குறிப்பு அனுப்பப்படும். தேதி, கையெழுத்து, முத்திரை வரைக்கும் படித்தேன். அண்ணி தாளை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு போனாள். அவள் என் கடைக்கு வந்தது அதுதான் கடைசி.

மாசக் கடைசி வரைக்கும் வேலை இருந்தது. நான்கு பெண்களில் இருவர் கம்பெனிக்காரனிடமே வேலைக்குச் சேர எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது அண்ணி முன்னால் அழுதார்களாம். மேலே வீட்டில் சாமான்கள் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன. அண்ணியின் அக்கா வீட்டில் ஒரு அறை இருக்கிறது, இப்போதைக்கு அங்கே என்று பேச்சு.

கடைசி நாள் சாயங்காலம், மனசு கேட்காமல் நான் லாண்டரிக்குள் போனேன். மூக்கைப் பொத்தவில்லை. கடைசி ட்ராலிக்கான துணியை அண்ணனும் பாப்பாவும் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முனை அவர், ஒரு முனை அவள். உதறி, இழுத்து, கிட்டே வந்து சேர்த்து, மறுபடி தள்ளிப்போய். பஸ் நிறுத்தத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை. வேலை மட்டும் பேச்சில்லாமல் ஓடியது.

ஒரு விரிப்பை உதறும்போது பாப்பா நின்றாள். நடுவில் ஒரு சாண் கிழிசல்.

"அப்பா, இது கிழிஞ்சிருக்கு" என்றாள். பிஸ்கட் டப்பாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் குரலில் கோபம் இல்லை. சமாதானம் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

அண்ணன் டப்பாவைத் திறக்கவில்லை. விரிப்பை வாங்கினார். கிழிசல் உள்ளே போகிற மாதிரி மடித்து, மூலையோடு மூலை சேர்த்து, மேலே ஒரு தடவை தடவிவிட்டு அடுக்கில் வைத்தார். அடுத்த துணியை எடுத்தார்.

"அண்ணே" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். குத்திக்காட்டுகிற முகம் இல்லை. குத்திக்காட்டியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

"துவைச்சுக் குடுத்தா போதும்னு நீதானே தங்கச்சி சொன்ன" என்றார்.

ட்ராலிக்காரர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு துணியை எடுத்துப் போனார். அந்த விரிப்பு நடு அடுக்கில், மேலிருந்து ஐந்தாவதாக இருந்தது.